எலிஃபண்ட் பியூட் ஏரிக்கரையில் முதல் கூடாரம்: புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டில் அப்பா நாளிதழைப் பிரித்ததும் முதலில் தேடுவது மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத்தான். நூற்றிருபது அடியில் இன்று எத்தனை அடி, நீர்வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு. அந்தப் பழக்கம் அமெரிக்காவில், அதுவும் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் எனக்குத் தேவைப்படும் என்று நினைத்ததே இல்லை. லாஸ் குரூசஸுக்குக் குடிவந்த ஆண்டு, எலிஃபண்ட் பியூட் ஏரிக்கு முதல்முறை கூடாரத்தை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினோம். வானிலையைப் பார்த்தேன், கட்டணத்தைப் பார்த்தேன், வழியில் உள்ள கடைகளைக்கூடப் பார்த்து வைத்தேன். நீர்மட்டத்தை மட்டும் பார்க்கவில்லை. கைபேசி வரைபடத்தில் நீலமாக இருந்த இடத்தில் எங்கள் கார் அச்சு வரை மணலில் புதைந்து நின்றது. தண்ணீர் இன்னும் அரை மைல் தள்ளி இருந்தது.

அதன் பிறகு பல முறை போய் வந்துவிட்டோம். புதிதாகப் போகும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: இந்த ஏரிக்கு நிலையான கரை கிடையாது. எங்கே வண்டியை நிறுத்துவது, எங்கே கூடாரம் அடிப்பது, எங்கே படகை இறக்குவது என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஏன் கரை நகர்கிறது

ரியோ கிராண்டே ஆற்றின் குறுக்கே 1911 முதல் 1916 வரை கட்டிய கான்கிரீட் அணை இது. உயரம் ஏறத்தாழ 300 அடி. முழுக் கொள்ளளவு சுமார் 20 லட்சம் ஏக்கர் அடி. நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 87 டி.எம்.சி., அதாவது 93.47 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூரைவிடச் சற்றே சிறியது. ஏரிக்குள் யானை படுத்திருப்பது போல ஒரு எரிமலைப் பாறை நிற்கிறது. பெயர் அதனால் வந்தது. ஏரியைச் சுற்றியுள்ளது நியூ மெக்சிகோவின் மிகப் பெரிய மாநிலப் பூங்கா.

ஆனால் அணையைக் கட்டியது சுற்றுலாவுக்காக அல்ல, பாசனத்துக்காக. கீழே ஹாட்ச், மெசியா பள்ளத்தாக்குகளின் மிளகாய்த் தோட்டங்களும் பெக்கான் தோப்புகளும் டெக்சாஸின் எல் பாசோ வட்டாரமும் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன. 1906-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி மெக்சிகோவுக்கும் ஆண்டுக்கு 60,000 ஏக்கர் அடி போக வேண்டும். மாநிலங்களுக்கிடையே 1938-இல் ஒரு பங்கீட்டு உடன்படிக்கை. அதை நியூ மெக்சிகோ மீறியதாக 2013-இல் டெக்சாஸ் மாநிலம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட சமரசத்தை 2024-இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. காவிரிச் செய்திகளோடு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பாசனத்துக்குத் திறக்கத் திறக்கக் கோடை முழுதும் ஏரி வற்றிக்கொண்டே போகும். 1994 ஜூனில் கொள்ளளவில் 89 சதவீதம் இருந்த ஏரி, 2013 ஜூலையில் 3 சதவீதத்துக்கு இறங்கியது. கரைப் பாறைகளில் சுண்ணாம்பு அடித்தது போல் ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். அது பழைய நீர்மட்டத்தின் கறை. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், நம் தலைக்கு மேல் பல ஆள் உயரத்தில் ஒரு காலத்தில் படகுகள் போயின என்பது புரியும்.

கிளம்பும் முன்

முதல் வேலை, நீர்மட்டம் பார்ப்பது. அணையை நிர்வகிக்கும் அமெரிக்க அரசின் நீர்வளத் துறை (பீரோ ஆஃப் ரெக்லமேஷன்) நாள்தோறும் அதை வெளியிடுகிறது. எண் கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை அடி என்ற கணக்கில் இருக்கும். முழு மட்டம் 4,407 அடி. எண்ணைப் பார்த்த கையோடு பூங்கா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி மூன்று கேள்விகள் கேளுங்கள். படகு இறக்கும் சரிவுகளில் எவை இப்போது தண்ணீரைத் தொடுகின்றன? சாதாரணக் கார் எந்தக் கடற்கரை வரை போகலாம்? (அங்கே ஏரிக்கரையையும் ‘பீச்’ என்றுதான் சொல்கிறார்கள்.) நெருப்பு மூட்டத் தடை இருக்கிறதா? இரண்டு நிமிடப் பேச்சு இது. எங்கள் முதல் பயணத்தில் இதைச் செய்திருந்தால் ஒரு மாலைப்பொழுதும் வண்டியை இழுத்து எடுக்கக் கொடுத்த பணமும் மிஞ்சியிருக்கும்.

எந்த மாதம் போவது? என் தேர்வு செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. தண்ணீரில் கோடையின் வெதுவெதுப்பு மிச்சமிருக்கும், காற்று அடங்கியிருக்கும், இரவு ஒரு போர்வையோடு போய்விடும். மார்ச் முதல் மே வரை புழுதிக் காற்று. தென்மேற்கிலிருந்து நாள் கணக்கில் வீசும். சிறு பிள்ளைகளோடு முதல்முறை போகிறவர்கள் அந்தப் பருவத்தைத் தவிர்ப்பது நல்லது. ஜூன், ஜூலையில் பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். குளிர்காலத்தில் கூட்டமே இருக்காது, பறவைகள் நிறைய வரும், ஆனால் இரவில் உறைநிலைக்கு இறங்கும். மே மாதக் கடைசித் திங்களை ஒட்டிய வார இறுதி, ஜூலை 4, செப்டம்பர் முதல் திங்களை ஒட்டிய வார இறுதி ஆகிய மூன்றிலும் ஏரிக்கரை திருவிழாக் கூட்டமாக இருக்கும். அமைதி தேடிப் போகிறவர்களுக்கு அவை ஏற்ற நாட்கள் அல்ல.

அடுத்தது இடம் பதிவு செய்வது. இங்கே இரண்டு வகை முகாமிடங்கள் உண்டு. ஒன்று, தார்ச்சாலை ஓரமாக எண் போட்ட இடம்: மேசை, சிலவற்றில் நிழற்கூரை, மின்சாரம், குடிநீர்க் குழாய், நடக்கும் தூரத்தில் கழிப்பறை. இன்னொன்று, நீரோரம் மணலிலேயே கூடாரம் அடிப்பது. அங்கே குழாயும் இல்லை, மரநிழலும் இல்லை. படங்களில் எல்லோரும் பார்த்து மயங்குவது இரண்டாவதைத்தான். இருந்தாலும் முதல்முறை போகிறவர்கள் முதல் வகையை எடுங்கள். ஓர் இரவு தங்கி, பகலில் நடந்தே கரையைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை மணலுக்குப் போகலாம். லயன்ஸ் பீச் பகுதி ஊருக்கும் பூங்கா அலுவலகத்துக்கும் அருகில் இருப்பதால் புதியவர்களுக்கு வசதி. வடக்கே தள்ளியிருக்கும் சவுத் மான்டிசெல்லோ அதைவிட அமைதியானது. ஒரே பூங்காவில் 20 நாட்களுக்குள் 14 நாட்கள் வரை தங்கலாம் என்பது மாநிலப் பூங்காக்களின் பொது விதி. பதிவு இணையத்தில் நடக்கிறது. கட்டணம் அவ்வப்போது மாறுவதால், கிளம்பும் வாரத்தில் பூங்காத் துறையின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி

25-ஆம் எண் நெடுஞ்சாலையில் 83-ஆம் வெளிவழி. அல்புகர்கியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 150 மைல், எல் பாசோவிலிருந்து வடக்கே 120 மைல், எங்கள் லாஸ் குரூசஸிலிருந்து 75 மைல்.

தெற்கிலிருந்து போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. லாஸ் குரூசஸைத் தாண்டி வடக்கே போகையில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி ஒன்று உண்டு. எல்லா வண்டிகளும் அதற்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். “அமெரிக்கக் குடிமக்களா?” என்று கேட்பார்கள். மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவர்கள் பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), மாணவர்களானால் ஐ-20 (கல்லூரி தரும் படிவம்) ஆகியவற்றைக் கையோடு வைத்திருங்கள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும். ஏரிக்குத்தானே போகிறோம் என்று பாஸ்போர்ட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்து, சாவடியில் நெடுநேரம் ஓரங்கட்டி நிற்க நேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். அல்புகர்கியிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தச் சாவடி வழியில் வராது.

பூங்காவுக்குள் நுழையுமுன் பக்கத்து ஊரில் தண்ணீர், பனிக்கட்டி, பெட்ரோல் மூன்றையும் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் குடிநீர் என்று கணக்கு வையுங்கள். மணலில் தங்குவதானால் கழுவத் தனியாக வேண்டும். அந்த ஊரின் பெயர் ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ், ‘உண்மை அல்லது விளைவுகள்’. ஹாட் ஸ்பிரிங்ஸ் என்றிருந்த ஊர், ஒரு வானொலி நிகழ்ச்சியின் பெயரை 1950-இல் தனக்குச் சூட்டிக்கொண்டது. பழைய பெயருக்குக் காரணமான வெந்நீர் ஊற்றுகள் இன்றும் இருக்கின்றன. திரும்பும் நாளில் அங்கே ஒரு மணி நேரம் குளித்துவிட்டு வந்தால் உடம்பு வலி போய்விடும்.

மணலில் வண்டி

இங்கேதான் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். நீர் பின்வாங்கிய தரை, மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். பார்க்க நம் ஊர் ஏரிப்படுகை போல உறுதியாகத் தெரியும். அந்தப் பாளம் இரண்டு விரல் கனம்தான். அதன் கீழே ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல், ஈரம் காயாமல் களியாக இருக்கும். மனிதர் நடந்தால் தாங்கும். கார் ஏறினால் பாளம் உடைந்து சக்கரம் களிக்குள் இறங்கும். பிறகு ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த இன்னும் ஆழமாகப் போகும்.

அதனால் வண்டியை நிறுத்திவிட்டு முதலில் நடந்து போங்கள். குதிகாலால் ஓங்கி மிதியுங்கள். தரை ‘டொக்’ என்று கேட்டால் சரி. குதிகால் அமிழ்ந்து ஓரத்தில் ஈரம் கசிந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். மற்ற வண்டிகளின் தடம் இருக்கிறதே என்று நம்பிப் போகக் கூடாது. அவை பெரிய சக்கரம் போட்ட நான்கு சக்கர இயக்க வண்டிகளாக இருக்கலாம், மூன்று வாரம் முன்பு தரை காய்ந்திருந்தபோது போயிருக்கலாம். சாதாரணக் கார் வைத்திருப்பவர்கள் தார் அல்லது சரளை போட்ட இடத்தைத் தாண்டவே வேண்டாம்.

நான்கு சக்கர இயக்கம் உள்ளவர்கள் மணலுக்குள் போகுமுன் டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம்; டயர் அகன்று மணல் மேல் மிதந்தாற்போல் போகும். கையோடு ஒரு சிறிய காற்றடிக்கும் கருவி இருந்தால்தான் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் அந்தக் காற்றோடு நெடுஞ்சாலையில் ஏறுவது ஆபத்து. சக்கரம் வெறுமனே சுழலத் தொடங்கியதும் காலை எடுத்துவிடுங்கள். இறங்கி, சக்கரத்தின் முன்னும் பின்னும் மண்ணை அள்ளிவிட்டு, கால்மிதிகளைச் சக்கரத்தின் அடியில் திணித்து, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுங்கள். ஒரு சிறு மண்வெட்டி வண்டியில் எப்போதும் இருக்கட்டும்.

கூடாரம்

கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் மணலில் நிற்காது. ஊருக்கு வெளியே மலைக்காட்டில் நன்றாக நின்ற கூடாரம், இங்கே முதல் மாலைக் காற்றிலேயே பிடுங்கிக்கொண்டு உருண்டு போவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். மணலுக்கென்று நீண்டு அகன்ற முளைகள் விற்கிறார்கள். எனக்கு அதைவிட நம்பிக்கையானது பாஸ்மதி அரிசி வந்த துணிப்பை. வீட்டில் சேரும் பத்து, இருபது பவுண்டுப் பைகளை எறியாமல் வைத்திருங்கள். பையில் முக்கால் பங்கு மணலை நிரப்பி, வாயைக் கூடாரக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டிக் கிடத்தி, மேலே மண்ணைத் தள்ளி மிதித்துவிடுங்கள். நான்கு மூலைக்கு நான்கு பை. இழுத்துப் பார்த்தால் உங்கள் கை வலிக்கும், கயிறு அசையாது. கிளம்பும்போது பையை உதறி மடித்தால் கைக்குட்டை அளவுதான்.

வாசலைத் தென்மேற்குக்கு முதுகு காட்டி வையுங்கள். நீர் விளிம்பிலிருந்து தள்ளி, சற்று மேடான இடமாகப் பாருங்கள். மலையிலிருந்து ஏரிக்குள் இறங்கும் வறண்ட ஓடைகளில் மட்டும் ஒருநாளும் கூடாரம் அடிக்காதீர்கள். காற்று மறைவாக, தட்டையாக, மணல் மெத்தை போல அந்த இடம்தான் அழைக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை கோடை மழைக் காலம். பத்து மைல் தள்ளி மலையில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதே அந்த ஓடையில் காட்டாறாக வந்துவிடும்.

தரையில் விரிப்புப் போடுமுன் ஒரு முறை குனிந்து பாருங்கள். நம் ஊர் நெருஞ்சி இங்கேயும் இருக்கிறது. இந்த நாட்டுக்காரர்கள் ‘ஆட்டுத் தலை’ என்கிறார்கள். அதே இரண்டு கொம்பு முள்தான். காற்றடித்த மெத்தை, சைக்கிள் டியூப், குழந்தையின் செருப்பு எதையும் விடாது. சீமைக் கருவேலத்தின் இனமான மெஸ்கீட் புதரின் முள் இன்னும் நீளம். எனவே வெறுங்காலில் நடப்பது நீரோர ஈர மணலில் மட்டும் இருக்கட்டும். இரவில் கழற்றிவைத்த செருப்பைக் காலையில் உதறிவிட்டுப் போடுங்கள், தேள் உண்டு. சாரைப் பாம்பு போல நினைத்து எதையும் நெருங்கிப் பார்க்க வேண்டாம். இது கிலுகிலுப்பைப் பாம்பின் ஊர்.

தண்ணீரில்

உயிர்காப்பு வீரர்கள் கரையில் இல்லை. ஊர்க் கிணற்றில் குதித்து நீந்தியவர்களும் இங்கே முதலில் இடுப்பளவு நீரில் நடந்து பார்ப்பதே முறை. முந்தைய மாதம் மேடாக இருந்தது இந்த மாதம் நீரடியில் திடீர்ப் பள்ளமாக இருக்கும்; மூழ்கிய புதர்க் கட்டைகள் காலில் மாட்டும். குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் காற்றடைத்த வாத்து, வளையம் இவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கரையிலிருந்து ஏரிக்குள் வீசும் காற்று அவற்றை நீந்திப் பிடிக்க முடியாத வேகத்தில் தள்ளிக்கொண்டு போகும். கரையோரம் விளையாடினாலும் லைஃப் ஜாக்கெட் போட்டுவிடுங்கள். படகில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது சட்டப்படியே கட்டாயம். துடுப்புப் படகு, கயாக் ஆகியவற்றில் எல்லா வயதினருக்கும் கட்டாயம்.

மோட்டார் படகு ஓட்ட, 1989 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்கள் படகுப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். மீன் பிடிக்க 12 வயது நிறைந்த எல்லோருக்கும் உரிமம் வேண்டும். கெளுத்தியும் பல வகைப் பாஸ் மீன்களும் கிடைக்கும். சொந்தப் படகைக் கரையில் கட்டினால் மாலையில் ஒரு முறை, காலையில் ஒரு முறை கயிற்றைப் பாருங்கள். பாசனத் திறப்பு அதிகமான வாரங்களில் மிதந்த படகு இரண்டு நாளில் தரைதட்டிவிடும். வேறு ஏரியிலிருந்து படகைக் கொண்டுவந்தால் சுத்தம் செய்து, நீரை வடித்து, உலர்த்திய பிறகே இறக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு வரும் வேற்றுநாட்டு மட்டி இனங்கள் ஏரியையும் பாசனக் குழாய்களையும் அடைத்துவிடும்.

பிற்பகலில் இடி கேட்டால், எவ்வளவு தூரத்தில் என்று கணக்குப் போடாமல் கரையேறி வண்டிக்குள் உட்காருங்கள். இந்தப் பரந்த நீர்ப்பரப்பில் உயரமாக இருப்பது நீங்கள் மட்டும்தான்.

சாப்பாடும் நெருப்பும்

முதல் நாளுக்குக் கட்டுச்சோறுதான் சிறந்தது. புளியோதரை, எலுமிச்சைச் சாதம், பனிக்கட்டிப் பெட்டியில் தயிர்சாதம். வந்து இறங்கி வெயிலில் கூடாரம் அடித்துக் களைத்த பிறகு, காற்றில் அடுப்பு பற்றவைத்துப் போராட யாருக்கும் தெம்பிருக்காது. மறுநாள் காலையில் காற்று எழுவதற்கு முன், விடியற்காலையிலேயே உப்புமாவும் காப்பியும் முடித்துவிடலாம். பாத்திரங்களுக்கு இறுக மூடும் மூடி வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு கவளத்திலும் மணல் நறநறக்கும். பாத்திரத்தை ஏரியில் கழுவாதீர்கள்.

விறகோ கரியோ எரித்தால், அணைக்கும்போது மணலைப் போட்டு மூடிவிட்டுப் போவதுதான் செய்யவே கூடாத காரியம். மூடிய தணல் பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். மேலே வெறும் மணலாகத் தெரியும். மறுநாள் ஓடிவரும் குழந்தையின் கால் அதில்தான் படும். தண்ணீரை ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே வைத்துச் சூடில்லை என்று உறுதி செய்தபின் நகருங்கள்.

கண்ணில் படும் எலும்புகள்

கரை நடையின்போது தரையைப் பார்த்து நடங்கள், முள்ளுக்காக மட்டுமல்ல. 2014-இல் இங்கே திருமணத்துக்கு முந்தைய நண்பர்கள் விருந்துக்கு வந்த ஒரு குழு, மணலில் துருத்திக்கொண்டிருந்த எலும்பைக் கண்டது. தோண்டியபோது அது பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஸ்டெகோமாஸ்டடான் என்ற, யானைக்கு உறவான விலங்கின் முழு மண்டையோடு. யானைப் பாறை நிற்கும் ஏரியில் உண்மையாகவே யானையின் ஒரு பழைய உறவு கிடைத்தது. இதே வட்டாரத்தில் கிடைத்த மண்டையோட்டுப் பகுதிகளை வைத்து 2024-இல் டைரனோசரஸின் புதிய இனம் ஒன்றுக்கும் பெயரிட்டிருக்கிறார்கள். அப்படி எதையாவது கண்டால் தொடாமல், படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு பூங்காக் காவலரிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போவது குற்றம்.

திரும்பும் வழி

குப்பையை முழுக்கத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுக்கு ஒரு நெகிழிப்பை கிடைத்தால் மெஸ்கீட் முள்ளில் ஆண்டுக்கணக்கில் தொங்கும். டயரில் காற்றை நிரப்பிவிட்டு நெடுஞ்சாலை ஏறுங்கள்.

தெற்கே போகிறவர்கள் 41-ஆம் வெளிவழியில் ஹாட்ச் ஊருக்குள் திரும்புங்கள். ஆகஸ்ட், செப்டம்பரானால் கம்பிவலைப் பீப்பாயைச் சுழற்றிச் சுழற்றிப் பச்சைமிளகாயை நெருப்பில் வாட்டும் மணம் ஊருக்கு வெளியிலேயே வந்துவிடும். தோட்டத்து ஓரம் வாய்க்காலில் ஓடுவது நீங்கள் நேற்றுக் குளித்த அதே தண்ணீர்தான். காரம் கேட்டால் ‘நடுத்தரம்’ என்று சொல்லி ஒரு மூட்டை வாட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் சூடு ஆறிய தோலை உரித்து, சிறு பைகளில் போட்டு உறையவைத்தால் அடுத்த கோடை வரை துவையலுக்கு வரும்.